கூரை மேல் ஏறினீர்களா? டிரெய்லர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் டிரெய்லர் சக்கரங்களின் பேரிங் பற்றி எழுதும்போது, கடைசிப் பத்தியில் "அப்படியே கூரையையும் ஒரு முறை ஏறிப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டிருக்கின்றன. அதனால் இந்த மாதம் பேரிங், பிரேக் எல்லாம் ஓரமாக நிற்கட்டும். ரப்பர் கூரையைப் பற்றி மட்டும் பேசுவோம். வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடான டிராவல் டிரெய்லரின் கூரைகளைப் பதினாறு வருடங்களாகப் பழுதுபார்க்கிறேன். மழை இறங்கி உளுத்துப்போன கூரையைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் மனசு கேட்பதில்லை. ஆறு மாதம் முன்னால் யாராவது ஏறிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலையாக முடிந்திருக்கும்.

கே: அக்கா, ஒன்பது வருடப் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். முன்பக்கப் படுக்கைக்கு மேலே உள்ள அலமாரி மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை இருக்கிறது. ஏறிப் போய்க் கறைக்கு நேர் மேலே பார்த்தேன். ரப்பர் நன்றாக இருக்கிறது, ஓட்டையே இல்லை. பழைய கறைதானே, விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள் தம்பி. கறைக்கு நேர் மேலே தேடினால் பல நேரம் கிடைக்காது. தண்ணீர் ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கினால், ரப்பருக்கு அடியில் இருக்கும் பிளைவுட்டின் மேல் படர்ந்து, சட்டத்தின் ஓரமாக ஓடி, வயர் போகும் வழியைக் கண்டால் அதையும் பிடித்துக்கொண்டு, எங்கே தாழ்வோ அங்கே வந்து சொட்டும். டிரெய்லர் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் போகும். உங்கள் வண்டியின் மூக்கு தாழ்ந்து நின்றிருந்தால், நடுக்கூரையில் இறங்கிய தண்ணீர்கூட முன் மூலையில் கறையாக எட்டிப் பார்க்கும்.

என் வண்டியிலேயே நடந்தது. கழிப்பறைக் கதவுக்கு மேலே கறை. அதற்கு நேர் மேலே வெளிச்சம் வரும் கூரை ஜன்னல், ஸ்கைலைட். அதுதான் என்று முடிவு கட்டி, சுற்றிலும் புதிதாக சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, போட்டேன். அடுத்த மழையில் கறை ஒரு விரல் அகலம் வளர்ந்தது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் வளர்ந்தது. மூன்றாம் தடவை ஸ்கைலைட்டை விட்டுவிட்டு, முழங்காலிட்டுக் கூரையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் தடவிக்கொண்டே வந்தேன். இரண்டு மீட்டர் தள்ளி ஆன்டெனாவின் அடித்தட்டு. அதில் ஒரு ஸ்க்ரூவின் தலைமேல் சீலன்ட் தலைமுடி கனத்துக்குப் பிளந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தில்தான் தட்டுப்பட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். திருக வேண்டியதே இல்லாமல் ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது. தலை பளபளவென்று இருந்தது, கழுத்துக்குக் கீழே செந்துருப் பிடித்துப் பாதியாக இளைத்திருந்தது. அந்த ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டால், ஊறின அட்டைக்குள் போவது போல் தடையே இல்லாமல் இறங்கியது. அன்றிலிருந்து எந்தக் கூரையையும் கையால் தடவாமல் பார்த்து முடித்ததாக நான் சொல்வதில்லை.

உங்களுக்கு என் யோசனை இது. முதலில் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டினால் கசிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி கிடைத்தால் சுவர், மூலை, அலமாரியின் உட்புறம் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுவர்த்தாள் சுருங்கியிருக்கிறதா, மக்கிய வாடை வருகிறதா, உள்ளே தெரியும் ஸ்க்ரூ தலைகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே. தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது, மழை போல வழிய விட வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் பக்கச் சுவரும் ஜன்னல் விளிம்பும், அதற்குப் பிறகு கூரை ஓரம், கடைசியாகக் கூரையில் உள்ள ஒவ்வொரு வென்ட்டும் (காற்றுப் போகும் திறப்பு). ஒரு இடத்துக்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். எடுத்த எடுப்பில் உச்சியில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், பிறகு எதுவும் பிடிபடாது. உங்கள் கறை முன்பக்கம் என்பதால், கூரை ரப்பர் முன்முகப்போடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு பட்டை போகும் பாருங்கள், கூரைக்கு வந்ததும் அங்கிருந்து ஆரம்பியுங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றும் மழையும் நேராக மோதுவது அந்தப் பட்டையில்தான். நான் பிரித்த அழுகல்களில் அதிகமானவை அதற்குக் கீழேதான் இருந்தன.

அப்படியும் பிடிபடாவிட்டால், பட்டறையில் வண்டிக்குள் மெல்லக் காற்றை ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் சோதனை உண்டு. எங்கே நுரை குமிழியிடுகிறதோ அங்கே திறப்பு. அதற்கு ஆகும் செலவு வீண் போகாது.

கே: என் கூரை இபிடிஎம்மா, டிபிஓவா? விற்றவருக்கே தெரியவில்லை. இரண்டும் வெள்ளை என்கிறார்.

இரண்டும் கூரைப் பலகையின் மேல் ஒட்டும் விரிப்பின் வகைகள். எது என்று அறிய வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அது இல்லையென்றால் சீரியல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அதுதான் உறுதியான வழி. நீங்களே பார்க்க ஆசைப்பட்டால், உள்ளே கூரை வென்ட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றுங்கள், ரப்பரின் வெட்டிய விளிம்பு தெரியும். மேலே வெள்ளையும் அடியில் கறுப்புமாக இருந்து, விரலால் நிமிண்டினால் சைக்கிள் டியூப் போல இழுபட்டால் இபிடிஎம். டிபிஓ ரப்பரை விட பிளாஸ்டிக் பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் விறைப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். இரண்டும் கனத்தில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தட்டினால் கண்ணாடி போலக் கடினமாக ஒலித்தால் அது ஃபைபர்கிளாஸ், இந்தப் பக்கத்தில் உள்ள பாதி விஷயம் அதற்குப் பொருந்தாது.

கே: கூரையைத் தொட்டால் கையெல்லாம் வெள்ளைப் பொடி. மழை பெய்தால் பக்கச் சுவரில் வெள்ளைக் கோடுகளாக வழிகிறது. கூரை கரைந்துபோகிறதா ஐயோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. அது இபிடிஎம் கூரையின் இயல்பு. வெயில் படப்பட மேல் வெள்ளைப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாக உதிரும், அடியில் புது வெள்ளை தெரியும். இபிடிஎம்மின் பெரிய குணம், அதன் மூலக்கூறுச் சங்கிலியின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. சாதாரண ரப்பரை ஓசோன் தாக்கி வெடிக்க வைப்பது அந்த இரட்டைப் பிணைப்பில்தான். இதில் அது இல்லாததால் வருடக்கணக்காக வெயிலில் கிடந்தாலும் பழைய டயர் போல வெடிப்பதில்லை. பொடி உதிர்ந்து உதிர்ந்து கறுப்பு தெரிய ஆரம்பித்தால்தான் மேல் படலம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மேற்பூச்சு பற்றி யோசிக்கலாம்.

கழுவும் முறை முக்கியம். முதலில் பக்கச் சுவர்களை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த சுவரில் பொடித் தண்ணீர் வழிந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்து, நடுத்தரமான பிரஷால் ஒரு மீட்டர் அகலம் தேய்ப்பது, உடனே அலசுவது, அடுத்த மீட்டருக்குப் போவது. அலசும் தண்ணீர் தெளிவாக ஓடும் வரை சுவரையும் சேர்த்து அலசுங்கள்.

எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்ட் தின்னர், பெட்ரோலியம் கலந்த பாலிஷ் எதுவும் இபிடிஎம் மேல் படக் கூடாது. ரப்பர் அதை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், பசையிலிருந்து விட்டுக்கொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கிளீனர்களும் அதே வேலையைத்தான் செய்யும். 'இயற்கையானது' என்று பாட்டிலில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி வந்து, கூரை முழுக்கக் கொப்புளம் போட வைத்தவரின் வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அதிவேகத் தண்ணீர் அடிக்கும் பிரஷர் வாஷரையும் சீலன்ட் ஓரத்தில் காட்டாதீர்கள். உரிய வேண்டாத இடத்தையும் அது உரித்துவிடும்.

கே: கூரை மேல் ஏறலாமா? என் வீட்டுக்காரர் ஏறவே விடமாட்டேன் என்கிறார், அவரும் ஏறுவதில்லை.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எல்லா டிரெய்லர் கூரையும் ஆள் ஏறுவதற்காகக் கட்டியதில்லை. பின்பக்கம் வண்டியோடு சேர்ந்த ஏணி இருந்தால் பொதுவாக ஏறலாம் என்று எடுத்துக்கொள்வார்கள், ஆனாலும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். அந்த ஏணிக்கும் எடை வரம்பு உண்டு. நான் எப்போதும் தனி ஏணிதான் வைப்பேன், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறுவதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலை ஜாக்கிகளையும் இறக்குங்கள்.

மேலே போனதும் நிற்காதீர்கள். இரண்டு அடிக்கு நாலு அடி பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் முழங்காலிட்டு நகருங்கள். அடியில் உள்ள மரப்பலகை மெல்லியது, சட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒன்றரை, இரண்டு அடி தள்ளி இருக்கும். குதிகாலை ஊன்றினால் நடுவில் அமுங்கும். பலகை எடையைப் பரப்பிக் கொடுக்கும். பலகையின் ஓரங்களைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், அடியில் பழைய போர்வையை ஒட்டுங்கள். காலையில் பனி ஈரம் இருக்கும்போது ஏறவே கூடாது, சோப்புத் தண்ணீரில் ரப்பர் சறுக்குமரம் போல வழுக்கும். ஏற முடியாதவர்கள் நான்கு பக்கமும் ஏணி வைத்து ஓரங்களைப் பார்க்கலாம், நடுப்பகுதிக்கு நீளக் கம்பில் கைபேசியைக் கட்டிப் படம் எடுக்கலாம். தடவிப் பார்ப்பதற்கு அது ஈடாகாது, பார்க்காமல் இருப்பதை விட எவ்வளவோ மேல்.

கே: அண்ணன் சிலிக்கோன் டியூப் ஒன்று கொடுத்தார், 'எல்லாவற்றுக்கும் இதுதான், தண்ணீரே போகாது' என்றார். வென்ட் ஓரத்தில் சின்ன விரிசல்கள் இருக்கின்றன. அதைப் போட்டுவிடலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சாதாரண சிலிக்கோன் இபிடிஎம்மோடு சரியாகப் பிடிப்பதில்லை. ஒரு வெயிலும் ஒரு குளிரும் பார்த்ததும் ஓரம் பெயரும், அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும். அதை விடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. அடுத்து வருபவர் அதைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும், சுரண்டும்போது ரப்பர் கிழியும். ஒரு கூரையில் பதினோரு வென்ட்டுகளைச் சுற்றியும் யாரோ சிலிக்கோன் போட்டிருந்தார்கள். அதை எடுக்க மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆனது.

கூரைக்கென்றே லேப் சீலன்ட் இருக்கிறது. டைகார் என்ற பெயரில் வருவதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு வகை. தானாகவே மட்டமாகப் படரும் வகை கூரையின் படுக்கைப் பரப்புக்கு. வழியாத கெட்டி வகை செங்குத்தான ஓரங்களுக்கு. தானாகப் படருவதைப் பக்கவாட்டில் போட்டால் காலையில் சுவரெல்லாம் வழிந்து நிற்கும். டியூபின் மேல் உங்கள் கூரை வகைக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஒரு வென்ட்டைச் சரி செய்யும் விதத்தைச் சொல்கிறேன். நல்ல காய்ந்த நாள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கட்டும். சீலன்ட்டின் ஓரத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்ல நெம்புங்கள். இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம். எங்கே பெயர்ந்து வருகிறதோ அதை மட்டும் எடுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய சீலன்ட்டை விட்டுவிடலாம், அதன் மேலேயே புதியது பிடிக்கும். பலர் இங்கேதான் வீணாக உழைக்கிறார்கள், நன்றாக இருப்பதையும் பிடுங்கி ரப்பரைப் புண்ணாக்குகிறார்கள். பிடிவாதமாக இருக்கும் துண்டுக்கு முடி உலர்த்தும் கருவியின் மிதமான சூடு போதும்.

பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கையால் திருகிப் பாருங்கள். இறுகினால் சரி. சுழன்றுகொண்டே இருந்தால் அடியில் மரம் பலம் இழந்திருக்கிறது, மேலே சீலன்ட் போட்டு மூடிவிட்டால் நோயை உள்ளே வைத்துத் தைப்பது மாதிரி. மரத்தைப் பார்த்துச் சரி செய்த பிறகுதான் மேலே போக வேண்டும். வென்ட்டின் விளிம்பே தூக்கிக்கொண்டிருந்தால் முழுதாகக் கழற்றி, அடியில் புது பியூட்டைல் டேப் (மெத்தென்ற ரப்பர் ஒட்டு நாடா) வைத்து மறுபடி இறுக்குங்கள். உண்மையில் தண்ணீரைத் தடுப்பது அந்த டேப்தான், மேலே தெரியும் சீலன்ட் அதற்குக் காவல்.

சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் வெள்ளைப் பொடி வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். பொடியின் மேல் போட்டால் சீலன்ட் பொடியோடுதான் ஒட்டும், கூரையோடு ஒட்டாது. இப்போது டியூபை மெதுவாக நகர்த்துங்கள். ஸ்க்ரூ தலைகள் முழுதும் மூழ்க வேண்டும். விளிம்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது கூரை மேல் படர வேண்டும். விரலால் தடவி அழகு பார்க்காதீர்கள், அது தானே படரும், கண் எதிரிலேயே மெல்ல உட்கார்ந்து கண்ணாடிபோல் மட்டமாகும். சில நிமிடங்களில் மேல் தோல் கட்டும். முழுதும் உலர ஒரு மாதம் வரை ஆகலாம், அதுவரை அதன் மேல் முழங்காலை வைக்காதீர்கள்.

கே: வண்டியை இழுக்கும்போது பின்னால் வந்த நண்பர், கூரை பலூன் போல உப்பியதாகச் சொன்னார். நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை.

உடனே பாருங்கள். நின்றிருக்கும்போது அங்கங்கே நாணயம் அளவில் தெரியும் சின்னக் காற்றுக் குமிழ்கள் பெரும்பாலும் ஒட்டும்போது சிக்கிய காற்று, அவற்றைக் குத்தாதீர்கள். குத்தினால் இல்லாத ஓட்டையை நாமே போட்டதாகும். ஆனால் ஓடும்போது உப்புகிறது என்றால், முன் ஓரத்திலோ பக்க ஓரத்திலோ காற்று உள்ளே நுழையும் திறப்பு இருக்கிறது. காற்று நுழையும் வழியில் தண்ணீரும் நுழையும். முன் பட்டையின் சீலன்ட், பிறகு பக்கவாட்டில் ஓடும் மழைத் தண்ணீர்ப் பட்டை. அந்தப் பட்டையின் நடுவில் ஸ்க்ரூக்களை மறைத்து ஒரு பிளாஸ்டிக் நாடா செருகியிருப்பார்கள். வெயிலில் அது சுருங்கி முனையில் இரண்டு மூன்று அங்குலம் குறைந்து நிற்கும். நாடாவை உருவி, துருப்பிடித்த ஸ்க்ரூவை மாற்றி, புது நாடா செருகுங்கள். ரப்பர் பலகையிலிருந்து பெரிய பரப்பில் விட்டுக்கொண்டிருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அது கிழிந்து பறந்தால் பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து.

கே: தாழ்ந்த கிளை ஒன்று கீறி, விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. முழுக் கூரையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மழை படாமல் உடனே மூடி, அடிமரம் நனைந்திருந்தால் முதலில் காய விடுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது கிழிசலை விடக் கெடுதல். பிறகு நான் மேலே சொன்னபடி பொடி போகத் துடைத்து, கிழிந்த நாக்குகளைச் சமமாகப் படியவைத்து, கூரைப் பழுதுக்கென்று வரும் அழுத்தி ஒட்டும் டேப்பைப் போடுங்கள். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் போக வேண்டும். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள், கூர் மூலைதான் முதலில் பெயரும். ஒட்டிய பின் சின்ன உருளையால் பலத்தை வைத்து உருட்டுங்கள், அந்தப் பசை அழுத்தத்தில்தான் பிடிக்கும். முதல் தடவையே சரியான இடத்தில் வையுங்கள், எடுத்து மறுபடி ஒட்ட வராது. ஓரத்தைச் சுற்றி லேப் சீலன்ட் ஒரு கோடு.

கே: ஏசியின் அடியிலிருந்து சொட்டுகிறது. கூரை ஒழுகலா?

மழையே இல்லாத நாளில் ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால், ஏசியின் சொந்தத் தண்ணீர் வெளியேறும் வழி அடைத்திருக்கும் அல்லது வண்டி மட்டமாக நிற்காது. மழையிலும் சொட்டினால் கேஸ்கெட். ஏசி உட்காரும் ஓட்டை 14 அங்குலத்துக்குச் சற்று மேல் சதுரம். அதைச் சுற்றி ஒரு நுரை ரப்பர் வளையம் இருக்கும், அதுதான் கேஸ்கெட். அதன் மேல் ஏசியின் எடை, நான்கு நீள போல்ட்டுகள். உள்ளே மூடியைக் கழற்றினால் போல்ட்டுகள் தெரியும். குலுங்கிக் குலுங்கி அவை தளர்ந்திருக்கும். மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், வளையம் ஏறக்குறைய பாதிக் கனத்துக்கு அமுங்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் வளையம் நசுங்கிச் செத்துவிடும், கூரையும் குழிந்து ஏசியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். ஏசியின் வெளி ஓரத்தைச் சுற்றி சீலன்ட் போட்டு அடைக்காதீர்கள், ஏசியின் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும்.

கே: வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதாதா? மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால்?

பல கையேடுகள் 90 நாளுக்கு ஒரு தடவை என்கின்றன. கூரை ரப்பருக்குப் பத்து, பன்னிரண்டு வருட உத்தரவாதம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் சீலன்ட் அதில் சேராது, அதைப் பராமரிப்பது வண்டிக்காரர் பொறுப்பு என்று கீழே இருக்கும். ஒழுகுவதோ சீலன்ட் உள்ள இடத்தில்! அதனால் பார்த்த நாளையும் படத்தையும் குறித்து வையுங்கள், உத்தரவாதம் கேட்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் ஒரு நோட்டில் கூரையின் படம் வரைந்து, வென்ட், ஸ்கைலைட், கழிவுக் குழாய் மூடி, ஆன்டெனா, சோலார் வயர் இறங்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறேன். ஸ்கைலைட்டில் ஸ்க்ரூவிலிருந்து கிளம்பும் மெல்லிய கீறல்கள் தெரிகிறதா, குழாய் மூடியின் பிளாஸ்டிக் அழுத்தினால் நொறுங்குகிறதா என்றும் எழுதுவேன். மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது எது நகர்ந்தது, எது பிளந்தது என்று அந்த நோட்டு சொல்லும்.

தார்ப்பாய் வேண்டாம். காற்றில் அடித்து அடித்து ஓரங்களைத் தேய்த்துவிடும், அடியில் ஈரமும் வியர்க்கும். மூட வேண்டுமென்றால் காற்றுப் போகும் துணி உறை வாங்கி, கூர் முனைகளுக்கு நுரை வைத்துக் கட்டுங்கள். இலை, பறவை எச்சம், மரப்பால் எல்லாம் கறையாவதற்கு முன் கழுவுங்கள்.

கே: அக்கா, அலமாரிக் கறை பற்றி உங்களுக்கு இரண்டாம் முறை எழுதுகிறேன். ஹோஸ் வைத்துப் பார்த்தேன், முன் பட்டையில்தான் கசிவு. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கை வைத்தால் பொதபொதவென்று அமுங்குகிறது. மேலே நன்றாக சீலன்ட் போட்டால் நின்றுவிடுமா?

கசிவு நிற்கும் தம்பி, அழுகல் நிற்காது. மரம் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. மூடிவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. பட்டையைக் கழற்றி, ரப்பரைக் கவனமாகப் பின்னால் மடக்கி, அடியில் உள்ளதைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை எளிதில் இறங்கும் இடமெல்லாம் போக வேண்டும். கெட்டியான மரம் வரும் வரை வெட்டி எடுத்து, சட்டமும் ஊறியிருந்தால் அதற்குத் துணைச் சட்டம் கொடுத்து, சில நாள் காற்றாட விட்டு, ஈரமானியில் காய்ந்தது என்று உறுதியான பிறகு புதுப் பிளைவுட் போடுங்கள். ஒரு சாண் என்று தெரிவது திறந்தால் மூன்று சாணாக இருப்பது வழக்கம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். இதை முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும் வரை முன் பட்டை மேல் பழுது டேப்பை நீளமாக ஒட்டி, வண்டியின் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள். உள்ளே அந்த அலமாரிக் கதவைத் திறந்தே வைத்து ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிடுங்கள்.